ஏப்ரல் சீசனைக் கழித்தால் வேலை எவ்வளவு? பருவகாலம் சீராக்கிய ஊழியப்படைக் கணக்கில் ஒரு சந்தேகம்

அட்டன்_வாத்தி · ஞாயிறு இரவு 8.40

உயர்தரத்துக்குப் பொருளியல் படிக்கிற பிள்ளை ஒன்று நேற்று வகுப்பில் போனை நீட்டி ஓர் அட்டவணையைக் காட்டியது. அமெரிக்காவில் வேலை செய்யும் வயதில், அதாவது 15 இலிருந்து 64 வரை, மாதாமாதம் எத்தனை ஆட்கள் என்கிற வரிசை. தலைப்புக்குப் பக்கத்தில் "பருவகாலம் சீராக்கப்பட்டது" என்று ஒரு குறிப்பு. "சேர், ஆட்களை எண்ணுறதுக்கு எதுக்கு சீசன்? மனுசன் என்ன கொழுந்தா, மழை பெய்தா கூடுறதுக்கு?" என்று கேட்டது. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தே சமாளித்துவிட்டேன், ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. பருவகால மாறல் என்றால் வருடா வருடம் அதே மாதங்களில் திரும்பி வருகிற ஏற்ற இறக்கம் என்று இரண்டு வரி சொல்லத் தெரியும். அதை எப்படிக் கழிக்கிறார்கள், கழித்த பிறகு மிஞ்சுவது என்ன என்று கேட்டால் எனக்கே தடுமாற்றம்தான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நம் இலங்கையில் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் காலாண்டுக்கு ஒரு முறை ஊழியப்படை (வேலையில் உள்ளோரும் வேலை தேடுவோரும்) அறிக்கை போடுகிறது. அதில் போன வருடம் இதே காலாண்டில் என்ன, இந்த வருடம் என்ன என்றுதான் ஒப்பிடுகிறார்கள். அந்த ஒப்பீடு போதாதா? சீராக்கம் என்று தனியாக ஒன்று எதற்கு?

சீசன்கடை · ஞாயிறு இரவு 9.05

சேர், நுவரெலியாவில் வந்து சீசன் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். ஏப்ரல் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். குதிரை ஓட்டம், மலர்க் கண்காட்சி, குளத்துக்குப் பக்கத்தில் நடக்க இடமில்லாத கூட்டம். என் கடையில் வருடம் முழுக்க இரண்டு பேர்தான் வேலை. ஏப்ரல் பிறந்தால் ஆறு பேர். மே மாதம் திரும்ப இரண்டு. "ஏப்ரலில் வேலைவாய்ப்பு மூன்று மடங்கு" என்று யாராவது எழுதினால் நான் சிரிப்பேன், "மே மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேலை போய்விட்டது" என்று எழுதினாலும் சிரிப்பேன். இரண்டும் கணக்குப்படி சரி, ஆனால் கடை அப்படியேதான் இருக்கிறது. சீராக்கம் என்பது இதைத்தான் சரிசெய்கிறது என்று நினைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் வரட்டும்.

கணக்குப்பிள்ளை · ஞாயிறு இரவு 10.31

வந்துவிட்டேன். தலவாக்கலைப் பக்கத்துக்காரன், இப்போது கொழும்பில் நாள் முழுக்க இதே எண்களோடுதான் பிழைப்பு.

முதலில் அந்தப் பிள்ளையைப் பாராட்டுங்கள். கேள்வி சரியானது. ஆட்தொகைக்குச் சீசன் இல்லை என்றே சொல்லலாம். அமெரிக்கத் தொழில் புள்ளிவிபரப் பணியகம் 16 வயதுக்கு மேற்பட்டோர் தொகையை வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறது, அந்த எண் சீராக்கிய அட்டவணையிலும் சீராக்காத அட்டவணையிலும் ஒன்றேதான். சீசன் எல்லாம் அதற்குள்ளே இருக்கிறது: அந்தத் தொகையில் யார் வேலையில், யார் வேலை தேடுகிறார், யார் இரண்டிலும் இல்லை என்ற பிரிவில். அங்கே ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள் 16 முதல் 24 வயதுப் பிள்ளைகள் 20 இலட்சத்துக்கு மேல் ஊழியப்படைக்குள் வந்து விழுவார்கள், பள்ளி விடுமுறை. செப்டெம்பரில் அதில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். வருடா வருடம் நடக்கிற இந்த அலையைக் கழிக்காமல் பார்த்தால் ஒவ்வொரு ஜூனிலும் வேலையின்மை கூடிவிட்டது என்று யாராவது கத்துவார்கள்.

ஆட்தொகையில் துள்ளல் வருவது வேறு காரணத்தால். புதுக் கணிப்பு வரும்போது ஜனவரியில் எண்ணை மாற்றுவார்கள், பழைய மாதங்களைத் திருத்த மாட்டார்கள். 2025 ஜனவரியில் அப்படி ஒரே மாதத்தில் கிட்டத்தட்ட 29 இலட்சம் பேர் கூடினார்கள். டிசெம்பர் 31 ராத்திரி அத்தனை பேரும் கப்பலில் வந்து இறங்கவில்லை, கணிப்பு மாறியது, அவ்வளவுதான். இது சீசன் இல்லை, எந்தச் சீராக்கமும் இதைச் சமாளிக்காது.

நமக்கும் இந்தக் கூத்து உண்டு. 2012 தொகைமதிப்பில் 20,359,439 பேர். அதற்குப் பிறகு வருடா வருடம் போட்ட மதிப்பீடு ஏறி ஏறி 2022 இல் 22 மில்லியனுக்கு மேலே நின்றது. 2024 டிசெம்பர் 19 ஐ வைத்து எண்ணிப் பார்த்தால் முதற்கட்டக் கணக்கில் 21,763,170. ஆக, வேலை செய்யும் வயதில் இத்தனை பேர் என்று நாம் நம்பிக்கொண்டிருந்த எண்ணும் பெருத்துத்தான் இருந்திருக்கிறது. நூற்று வீதத்தை நம்புங்கள், ஆட்களின் எண்ணிக்கையைக் கொஞ்சம் உப்போடு விழுங்குங்கள்.

சேரின் இரண்டாவது கேள்வி, போன வருடம் இதே காலாண்டோடு ஒப்பிட்டால் போதாதா. பாதி போதும். சீசன் இரண்டு பக்கத்திலும் இருப்பதால் கழிந்துவிடும். ஆனால் அந்த ஒப்பீடு 12 மாதத்துக்கு நடுவில் எப்போது திரும்பியது என்று சொல்லாது. வேலை போன வருடம் ஜூலையில் விழுந்து, நவம்பரிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தாலும், இந்த பெப்ரவரியை அந்த பெப்ரவரியோடு வைத்துப் பார்த்தால் இறங்கியதாகத்தான் தெரியும். போன மாதத்தோடு இந்த மாதத்தை நேராகப் பார்க்க வேண்டுமானால் சீசனை எடுத்தே ஆக வேண்டும்.

அட்டன்_வாத்தி · திங்கள் காலை 6.15

சரி, எப்படி எடுக்கிறார்கள்? கரும்பலகையில் போடுகிற மாதிரிச் சொல்லுங்கள். மென்பொருள் செய்கிறது என்று சொல்லித் தப்பக் கூடாது.

கணக்குப்பிள்ளை · திங்கள் இரவு 9.48

தப்பவில்லை. அம்மா தோட்டத்தில் பெயர் பதிந்த தொழிலாளி. அவருடைய சம்பளத் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார், ஏன் என்று கேட்டால் "இருக்கட்டும், ஈபிஎஃப்க்கு (ஊழியர் சேமலாப நிதிக்கு) வேணும்" என்பார். போன விடுமுறையில் அந்த டின்னைத் திறந்து மாதத்துக்கு எத்தனை பேர் என்று எழுதி எடுத்தேன். (வெளியூர்க்காரர்களுக்கு: தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி. கிலோ குறைந்தால் அரைப்பேர்தான் விழும். ஆள் என்கிற பேரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

2022, 2023, 2024 என மூன்று வருடம். பெப்ரவரியில் 10, 14, 15 பேர். மே மாதத்தில் 18, 24, 24. மற்ற மாதங்களை விடுகிறேன். ஒவ்வொரு வருடத்துக்கும் 12 மாதச் சராசரி 15, 19, 20.

இப்போது ஒவ்வொரு பெப்ரவரியையும் அந்தந்த வருடச் சராசரியால் பிரியுங்கள். 10 ஐ 15 ஆல் பிரித்தால் 0.67, 14 ஐ 19 ஆல் 0.74, 15 ஐ 20 ஆல் 0.75. மூன்றின் சராசரி 0.72. எங்கள் பக்கத்தில் பெப்ரவரி என்பது சாதாரண மாதத்தில் நூற்றுக்கு 72 பங்கு. மே மாதத்துக்கும் இப்படியே செய்தால் 1.22 வரும். இவைதான் பருவகாலக் காரணிகள். தை மாதத்திலிருந்து மாசி வரை பனி, வெயில், கொழுந்து சுருங்கிப் போகும். டிம்புள்ளப் பக்கத் தேயிலைக்கு ஏலத்தில் நல்ல விலை கிடைப்பதும் அந்தக் காய்ச்சல் என்கிற வரட்சியில்தான், அது வேறு கதை. ஏப்ரல் மழை விழுந்ததும் மே மாதம் மலை பச்சையாகக் கொட்டும்.

2025 க்கு வருவோம். பெப்ரவரியில் அம்மாவுக்கு 15 பேர், மே மாதத்தில் 21 பேர். வெறுங்கண்ணால் பார்த்தால் மே மாதம்தான் நல்ல மாதம். சீராக்கினால் பெப்ரவரி 15 ஐ 0.72 ஆல் பிரித்து 20.8, மே 21 ஐ 1.22 ஆல் பிரித்து 17.2. அதாவது 15 பேர் போட்ட பெப்ரவரி வழக்கத்தை விட நல்லது, 21 பேர் போட்ட மே மாதம் மோசம். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "மே மாசம் முழங்கால் வலிடா, ஒரு கிழமை போகல்ல" என்றார். கணக்கு முழங்காலைக் கண்டுபிடித்துவிட்டது!

ஊவாக்காத்து · திங்கள் இரவு 11.20

அண்ணே, நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் 2022 ஐ ஏன் சேர்த்தீர்கள்? 2021 இல் உரத்தைத் தடை செய்தார்கள், அடுத்த வருடம் செடியெல்லாம் மஞ்சள் பூத்து நின்றது, நாட்டின் தேயிலை உற்பத்தி 2021 இல் கிட்டத்தட்ட 300 மில்லியன் கிலோவில் இருந்து 2022 இல் 250 மில்லியனுக்கு விழுந்தது. அந்த வருடத்தை வைத்துக்கொண்டு "வழக்கமான பெப்ரவரி" என்று எப்படிச் சொல்வது?

கணக்குப்பிள்ளை · செவ்வாய் காலை 7.02

நல்ல கேள்வி தங்கச்சி, அதனால்தான் பெப்ரவரிகளை மட்டும் கூட்டிச் சராசரி போடாமல் அந்தந்த வருடச் சராசரியால் பிரித்தேன். 2022 முழுக்கக் கீழே போனதால் பெப்ரவரி 10 தான், ஆனால் வருடச் சராசரியும் 15 தான். விகிதம் 0.67, மற்ற வருடங்களிலிருந்து வெகுதூரம் போகவில்லை. வருடம் முழுக்க ஒரே அளவில் மோசம் என்றால் சீசனின் வடிவம் கெடாது. ஒரு மாதம் மட்டும் தனியாக விழுந்தால்தான் கெடும்.

இன்னொரு குறையையும் நானே சொல்லிவிடுகிறேன். வருடச் சராசரி என்று ஜனவரி முதல் டிசெம்பர் வரை வெட்டியது கரும்பலகைக்காக. உண்மையில் ஒவ்வொரு மாதத்தையும் நடுவில் வைத்து முன்னுக்கு 6, பின்னுக்கு 6 மாதம் எடுத்து நகரும் சராசரி போடுவார்கள். அதை ஒரு தரம் அல்ல, பல தரம் செய்து, நடுவில் முரண்டு பிடிக்கிற எண்களின் எடையைக் குறைத்து, திரும்பவும் செய்வார்கள். எக்ஸ்-11 என்கிற இந்த முறை 1965 இல் அமெரிக்கத் தொகைமதிப்புப் பணியகத்தில் வந்தது. நகரும் சராசரிக்கு வரிசையின் கடைசியில் முன்னுக்கு 6 மாதம் கிடையாது என்பதுதான் அதன் பெரிய தலைவலி. கனடாக்காரர்கள் அரிமா என்கிற, பழைய மாதங்களின் போக்கிலிருந்து அடுத்ததைக் கணிக்கும் மாதிரியை வைத்து வரப்போகிற மாதங்களை முன்கூட்டியே கணித்து ஒட்டவைத்தார்கள். இப்போது ஓடுவது எக்ஸ்-13 என்கிற மென்பொருள். ஸ்பெயின் மத்திய வங்கியில் பிறந்த சீட்ஸ் முறையும் அதற்குள்ளே இருக்கிறது.

பனிக்காட்டான் · செவ்வாய் காலை 8.44

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் பொகவந்தலாவை. கடைசி 6 மாதம் பற்றிச் சொன்னது சரி, அதன் விளைவையும் சொல்லுங்கள்: போட்ட எண் நிற்காது. இங்கே மாதாமாதம் ஊழியப்படை அறிக்கை வரும், வீட்டுக்கடன் வட்டி ஏறுமா இறங்குமா என்று எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வருடத்துக்கு ஒரு தரம் பழைய மூன்று வருட எண்களைத் திருத்திவிடுவார்கள். அமெரிக்காவில் ஐந்து வருடம். நாம் தலையில் அடித்துக்கொண்ட மாதம் பிறகு பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதமாக மாறியிருக்கும். சீராக்காத எண்ணில் இப்படி ஆட்டம் கிடையாது.

ஆனால் சீராக்காமலும் இங்கே வாழ முடியாது. ஜனவரி என்றால் கிறிஸ்மஸ் கடை ஆட்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், கட்டட வேலை பனியில் உறைந்து கிடக்கும். உள்ளபடி எண்ணினால் டிசெம்பரை விட ஜனவரியில் வேலையில் இருப்போர் இலட்சக் கணக்கில் குறைவு. அதே மாதம் செய்தியில் "வேலைவாய்ப்பு கூடியது" என்று வரும். முதல் வருடம் நான் நம்பவே இல்லை, ஏனென்றால் என்னையும் அந்த ஜனவரியில்தான் நிறுத்தினார்கள்.

மூணாம்நம்பர்_லயம் · செவ்வாய் இரவு 10.10

எல்லோரும் கணக்கில் மூழ்கிவிட்டீர்கள். நான் ஒரு சம்பவம் சொல்கிறேன்.

போன வருடம் மார்ச் மாதம் எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) ஊழியப்படை அளவீட்டுக்கு ஓர் அலுவலர் வந்தார். நல்ல மனுசன், இஸ்தோப்பில் (திண்ணையில்) உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். எங்கள் மாமா அந்த மாதம் முழுக்க வெறுத்துப்போய் இருந்தார், காய்ச்சலில் கொழுந்து இல்லை, கிழமைக்கு இரண்டு நாள், மூன்று நாள்தான் வேலை. "உங்களுக்கு வேலை இருக்கா ஐயா?" "வேலை எங்கங்க இருக்கு." "போன கிழமை சம்பளத்துக்கோ இலாபத்துக்கோ ஒரு மணித்தியாலமாவது வேலை செய்தீங்களா?" மாமா யோசித்தார். "செவ்வாய்க்கிழமை கான் வெட்டுக்குப் போனேன். வியாழக்கிழமை அரை நாள்." அவ்வளவுதான், மாமா தொழிலில் உள்ளவர். பக்கத்துக் காம்பராப் பாட்டிக்கு 70 தாண்டிவிட்டது, ஒரு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார், அவரும் தொழிலில் உள்ளவர். அலுவலர் மேல் தப்பில்லை, விதியே அப்படி. ஆனால் உங்கள் சீராக்கம் எந்தச் சீசனைக் கழிக்கும் என்று கேட்கிறேன். மார்ச்சிலும் மாமா தொழிலில் உள்ளவர், மே மாதத்திலும் தொழிலில் உள்ளவர். கழிக்க அங்கே சீசனே இல்லையே! பட்டினி மட்டும்தான் சீசனுக்கு வந்து போகிறது.

கணக்குப்பிள்ளை · புதன் இரவு 9.15

தம்பி, மூன்று நாளாக நான் எழுதியதை விட நீ எழுதியது பெரிய விஷயம். ஒத்துக்கொள்கிறேன்.

வேலையில்லாதவர் என்று எழுத மூன்றும் சேர வேண்டும்: அந்தக் கிழமையில் வேலை எதுவும் இல்லை, கடந்த நாலு கிழமைக்குள் தேடியிருக்க வேண்டும், கிடைத்தால் இரண்டு கிழமைக்குள் போகத் தயாராக இருக்க வேண்டும். தோட்டத்தில் பெயர் பதிந்த ஆள் வேறு வேலை தேட மாட்டார், கிழமைக்கு ஒரு நாளாவது மலைக்குப் போவார். அதனால் வரட்சியில் வேலையின்மை வீதம் அசையாது. நாடு முழுக்க 2023 இல் அது 4.7 என்று வந்தபோது வெளிநாட்டு நண்பர் ஒருவர், வங்குரோத்து ஆன நாட்டில் வேலையின்மை இவ்வளவு குறைவா என்று கேட்டார். ஏழைக்கு வேலையில்லாமல் இருக்க வசதியில்லை என்று சொல்லி வைத்தேன்.

சீசன் தெரிவது மணித்தியாலத்தில். அளவீட்டில் கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் என்றும் கேட்கிறார்கள். பிரதான தொழிலும் உபதொழிலும் சேர்த்து 40 க்குக் குறைவாக உழைத்து, இன்னும் உழைக்கத் தயார் என்றால் கீழுழைப்பு. மலையகத்துக்குச் சீராக்க வேண்டிய வரிசை எது என்று என்னைக் கேட்டால் மணித்தியாலம் என்பேன், அடுத்தது கீழுழைப்பு. அப்போது உன் மாமாவின் மார்ச்சும் மே மாதமும் இரண்டாகத் தெரியும். சீராக்கிய பிறகும் மார்ச் தாழ்ந்து நின்றால் அது காய்ச்சல் இல்லை, தோட்டத்தில் வேறு எதுவோ நடக்கிறது என்று அர்த்தம்.

ஒரு சிக்கல் உண்டு. நாடு முழுக்க வருடத்துக்கு 25 ஆயிரம் வீட்டுக்குச் சற்று மேல்தான் மாதிரி. அதைக் காலாண்டாக உடைத்து, அதிலும் பெருந்தோட்டத் துறையை மட்டும் பிரித்தால் கையில் கிடைப்பது சில நூறு வீடுகள். 2012 தொகைமதிப்பில் நூற்றுக்கு 4.4 பேர்தான் தோட்டத் துறையில். அவ்வளவு சின்ன மாதிரியின் ஆட்டத்தையும் சீசன் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். தோட்டத் துறைக்கு மட்டும் காலாண்டுச் சீராக்கம் யாராவது போட்டுக் காட்டினால் முதலில் சந்தேகப்படுவேன்.

சீசன்கடை · வியாழன் மதியம் 1.30

என் கடையையும் கவனியுங்கள் அண்ணே. காலாண்டு என்றால் ஏப்ரல், மே, ஜூன். 13 கிழமை. அதில் எங்கள் சீசன் மூன்று கிழமை. நாலு பையன்களை மூன்று கிழமைக்கு எடுத்ததைக் காலாண்டில் கரைத்துவிட்டால் ஓர் ஆள் கூட இல்லை. கரையட்டும், அதுவும் பரவாயில்லை. இன்னொன்று: 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்போடு சீசன் பாதியில் நின்றது, 2020 இல் ஊரடங்கு, 2022 இல் பெட்ரோல் இல்லை. இந்த நாலு வருடத்தில் மூன்று சீசன் போன பிறகு அந்த மென்பொருள் நுவரெலியாவுக்குச் சீசனே கிடையாது என்று முடிவு கட்டிவிடாதா?

கணக்குப்பிள்ளை · வியாழன் இரவு 10.40

கட்டிவிடும், ஆள் பார்க்காமல் விட்டால். அதனால்தான் 2020 இல் உலகம் முழுக்கப் புள்ளிவிபரக்காரர்கள் மென்பொருளை அதன் பாட்டுக்கு ஓட விடவில்லை. அந்த மாதங்களை விலகல், அதாவது வழக்கத்துக்குப் புறம்பான எண் என்று கையால் குறித்தார்கள், அமெரிக்காவில் சில வரிசைகளுக்குச் சீசனை மடங்காக எடுக்கும் பெருக்கல் முறையை விட்டு, ஓர் எண்ணாகக் கூட்டிக் கழிக்கும் கூட்டல் முறைக்கு மாறினார்கள். காரணம் எளிது. பெருக்கல் முறையில் காரணி 1.2 என்றால் அளவு மூன்று மடங்கு ஏறும்போது சீசனும் மூன்று மடங்கு ஏறிவிடும். வேலையில்லாதோர் தொகை ஒரே மாதத்தில் அப்படித் துள்ளியபோது அது சீசனால் பெருத்தது போலக் காட்டியிருக்கும்.

உங்கள் சீசன் திரும்பி வந்தது, அது விலகல். திரும்பாமல் இடம் மாறுகிற சீசனும் உண்டு, அதுதான் இன்னும் கஷ்டம். அட்டன் வாத்தி சேருக்குத் தெரியும்: உயர்தரப் பரீட்சை முன்பெல்லாம் ஓகஸ்ட். 2020 இல் ஒக்டோபருக்குப் போனது, 2021 க்கானது 2022 பெப்ரவரியில், 2022 க்கானது 2023 ஜனவரியில், அடுத்தது 2024 ஜனவரியில், திரும்ப 2024 நவம்பரில். பரீட்சை முடிந்த பிள்ளை அடுத்த மாதமே வேலை தேடத் தொடங்கும். ஆக 15 முதல் 24 வயதினரின் வேலையின்மைக்கு இருந்த சீசன் காலாண்டு காலாண்டாக ஓடித் திரிந்திருக்கிறது. ஐந்து வருடமாவது ஒரே இடத்தில் நின்றால்தான் காரணியை நம்பலாம்.

தீபாவளிக்கு வாருங்கள். 2023 இல் நவம்பர் 12, 2024 இல் ஒக்டோபர் 31, 2025 இல் ஒக்டோபர் 20. தீபாவளிக்கு முந்திய கிழமைகளில் தோட்டத்தில் வாங்கிய பண்டிகை முற்பணக் கடனை நினைத்து யாரும் லீவு போட மாட்டார்கள், பிறகு இரண்டு மூன்று நாள் மலை வெறிச்சோடும், கொழும்பில் கடையில் நிற்கிற பையன்கள் எல்லாம் ஊரில் இருப்பார்கள். மாதக் கணக்கில் இது பெரிய தொல்லை, ஈஸ்டருக்கு மென்பொருளில் தயாராக வழி இருக்கிறது, தீபாவளிக்கு நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். காலாண்டுக் கணக்கில் தொல்லையே இல்லை, ஒக்டோபரோ நவம்பரோ எல்லாம் நாலாம் காலாண்டு.

ஊவாக்காத்து · வெள்ளி காலை 5.50

பஸ்ஸுக்கு நிற்கிறேன், சுருக்கமாக. பெப்ரவரி காய்ச்சல், மே மாதம் கொட்டும் என்று எல்லாமே அட்டன், தலவாக்கலைக் கணக்கு. ஊவா மாகாணத்துப் பசறைக்கு வாருங்கள். எங்களுக்கு ஜூலை, ஓகஸ்ட்டில்தான் கச்சான் காற்று அடித்துக் கொழுந்து காய்கிறது, ஊவாத் தேயிலைக்கு விலை வருவதும் அப்போதுதான். மழை எங்களுக்கு ஒக்டோபருக்குப் பிறகு. உங்கள் பக்கம் தாழும்போது எங்கள் பக்கம் தாழாது, எங்கள் பக்கம் தாழும்போது நீங்கள் மழையில் நனைந்துகொண்டிருப்பீர்கள். பெருந்தோட்டத் துறை என்று ஒரே பெட்டியில் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பிறகு "தோட்டத்தில் பெரிய சீசன் இல்லை" என்று யாரோ கொழும்பில் எழுதுவார். நீங்களாக இருக்கக் கூடாது.

கணக்குப்பிள்ளை · வெள்ளி இரவு 8.20

நானாகவும் இருக்கலாம் தங்கச்சி, நேற்று வரை யோசிக்கவில்லை.

இதற்கு வழி இருக்கிறது. மொத்தத்தை நேராகச் சீராக்குவது ஒரு முறை, பகுதிகளைத் தனித்தனியாகச் சீராக்கிப் பிறகு கூட்டுவது இன்னொரு முறை. இரண்டும் ஒரே விடை தராது. அமெரிக்காவில் வேலையின்மை வீதத்தையே நேராகச் சீராக்குவதில்லை. ஆண், பெண், 16 முதல் 19, 20 க்கு மேல் என்று பிரித்து, வேலையில் உள்ளோரையும் இல்லாதோரையும் தனித்தனியாக, எட்டு வரிசையாகச் சீராக்கிக் கூட்டி, அப்புறம்தான் வீதம். பதின்ம வயதுப் பிள்ளையின் சீசனும் தகப்பனின் சீசனும் வேறு என்பதால். மேற்குச் சரிவையும் ஊவாவையும் அப்படிப் பிரிக்க வேண்டும். மாதிரி தாங்காது என்பது முந்தாநாள் சொன்ன அதே சிக்கல்.

பசறைப் பக்கத்துச் சம்பளத் துண்டு யாரிடமாவது மூன்று வருடத்துக்குக் கிடைக்குமா? அம்மாவின் வரிசையோடு சேர்த்துப் போட்டுப் பார்க்கிறேன்.

மூணாம்நம்பர்_லயம் · வெள்ளி இரவு 9.33

துண்டு எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் பக்கத்தில் சில தோட்டங்களில் செடியைப் பிரித்துக் குடும்பத்துக்கு இத்தனை என்று கொடுத்துவிட்டார்கள், கொழுந்தைக் கிலோவுக்குக் காசாக எடுக்கிறார்கள். அங்கே பேரே கிடையாது, துண்டில் கிலோதான் இருக்கும். அளவீட்டில் அந்த ஆள் ஊழியரா, சொந்தத் தொழில் செய்பவரா? புருசன் பெயரில் செடி, பறிப்பது பொஞ்சாதி என்றால் அவள் சம்பளமில்லாத குடும்ப உழைப்பாளியா? அதே மலை, அதே கூடை, பெட்டி மட்டும் மாறுகிறது. அதை யாரும் சீசன் என்று கழித்துவிடாதீர்கள்.

அட்டன்_வாத்தி · சனி மாலை 6.05

இன்றைக்கு வகுப்பில் அந்த பிஸ்கட் டின் கணக்கைப் போட்டேன். 10, 14, 15 என்று எழுதியதும் பின்வரிசையில் ஒரு பையன் "எங்க வீட்டிலேயும் அப்படித்தான் சேர், மாசியில கடைக்காரர் கடனை நிப்பாட்டுவார்" என்றான். பிறகு பாடம் தானாக ஓடியது. முதலில் கேள்வி கேட்ட பிள்ளை விடவில்லை: "அப்ப சேர், சீராக்கின சம்பளத்தை வைச்சு மாசியில அரிசி வாங்க ஏலுமா?" ஏலாது என்றேன். கடைக்குப் போக உள்ளபடி எண்ணும், தோட்டம் இறங்குகிறதா ஏறுகிறதா என்று பார்க்கச் சீராக்கிய எண்ணும் என்று சொன்னேன், எழுதிக்கொண்டார்கள்.

ஊவாக்காத்து · ஞாயிறு இரவு 7.45

அண்ணே, சித்தியின் துண்டுகளைப் படம் எடுத்து உள்பெட்டியில் போட்டிருக்கிறேன். 2022 ஜனவரியிலிருந்து 2024 டிசெம்பர் வரை. ஓகஸ்ட் 11, 12, 12 பேர், நான் சொன்ன மாதிரியே. 2023 செப்டெம்பர் மட்டும் இல்லை. அதன் பின்பக்கத்தில் சாமான் பட்டியல் எழுதிக் கடைக்குக் கொடுத்து அனுப்பிவிட்டாராம். கடைக்காரர் இன்னும் ஆணியில் குத்தி வைத்திருக்கிறாரா என்று நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன்.